பேய்க்கோட்டையும் பிரெஞ்சு வகுப்பும்

மகள் என்னிடம் ஒரு தீர்ப்புக் கேட்டிருக்கிறாள். பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்த புதுக் கேம் நல்லதா, நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கேம் நல்லதா? "சும்மா பழசு எண்டதுக்காக மார்க்ஸ் போடக்கூடாதம்மா. விளையாடிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றாள். சரியென்று சில வாரங்களாக விளையாடுகிறேன். வேலையால் வந்து, சோறு வடித்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து உட்கார்ந்தால் என் முறை வரும்போதே கண் சொக்கிவிடுகிறது. எழுந்து பார்த்தால் என் படை நான் விட்ட இடத்திலேயே நிற்கிறது. நல்ல பிள்ளைகள்.

அந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்து, இப்போது கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் போனைப் பார்க்கும் என் வயதுக்காரர்களுக்கு எந்த மாதிரிக் கேம் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரைபடத்தில் உங்களுக்கு ஒரு கோட்டை இருக்கும். குதிரையில் ஒரு நாயகன் இருப்பான். மந்திரவாதிகள், பறக்கும் நாகங்கள், எலும்புக்கூடுகள் என்று படை சேர்க்கலாம். உங்கள் முறையில் நீங்கள் நகர்வீர்கள், எதிராளி காத்திருப்பான். அவன் முறையில் நீங்கள் காத்திருப்பீர்கள். ஒரு சுற்று முடிந்தால் கேமுக்குள் ஒரு நாள் போனதாகக் கணக்கு. அவசரம் என்பதே கிடையாது.

புதுக் கேமில் குறை கண்டுபிடிக்கத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. கோட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், ஓட்டில் பாசி பிடித்திருப்பதுகூடத் தெரிகிறது. பிழையாக நகர்த்தினால் திருப்பி எடுக்கலாம். எதிரியின் மூளையும் பரவாயில்லை. பழையதில் கம்பியூட்டர் மொக்குத்தனமாக விளையாடும், தோற்கிற நேரம் கள்ள வேலை செய்யும். எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம், தாக்கும் முன்பே புதியது கணக்குச் சொல்லிவிடுகிறது: உன் பக்கம் இத்தனை பேர் சாவார்கள், அவன் பக்கம் இத்தனை பேர். பழையதில் எதிரில் நிற்கும் கூட்டத்தின் மேல் அமத்தினால் 'சிலர்', 'பலர்', 'பெருங்கூட்டம்' என்று ஒரு சொல்தான் வரும். அந்தப் 'பலர்' எத்தனை பேர் என்பது மோதினால்தான் தெரியும். அப்போது வடக்குச் சண்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த செய்திகளும் அந்த மாதிரியானவைதான்.

நாங்கள் இருந்தது கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு சிங்கள அன்ரி வாடகைக்குத் தந்த முன்பாதி வீட்டில். அன்ரி பின்பாதியில் இருந்தார். அப்பா புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதினார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் முன்னறையில் கம்பியூட்டர் வகுப்பு வைத்திருந்தார். மெஷின் இரண்டுதான், ஆனால் அந்த அறைக்கு இருந்த ஆசாரம் சாமியறைக்குக்கூட இருக்கவில்லை. செருப்போடு போகக்கூடாது. சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் தொடலாம். கடல் காற்று இரும்பைத் தின்னும் என்பதால், வகுப்பு முடிந்ததும் அம்மா தன் பழைய நைலெக்ஸ் சேலையில் தைத்த உறைகளால் இரண்டையும் போர்த்திவிடுவார். சரஸ்வதி பூசைக்கு மொனிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்தப் பொட்டு காய்ந்து உதிரும்வரை மாமா துடைக்க விடமாட்டார்.

கரையோர ரயில் போகும்போதெல்லாம் திரையில் படம் ஒருதரம் நடுங்கும். மவுஸின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் உருண்டை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதைக் கழற்றி, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்பது என் பொறுப்பு. மகளிடம் சொன்னால், மவுஸுக்குள் ஏனம்மா பந்து என்கிறாள்.

ஒரு ஆவணி விடுமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவின் மகன் கப்பலில் வந்து சேர்ந்தார். எனக்கு அண்ணா. அவரைப் பாரிசுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் ஒப்புக்கொண்டிருந்தான். 'இந்தக் கிழமை' என்பான், பிறகு 'வாற கிழமை' என்பான். அப்பா அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போய், வடக்கிலிருந்து வருகிற தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவை எடுத்துவிட்டார். எடுத்தாலும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் போகவில்லை. கேற்றைத் தாண்டக்கூடாது. வீட்டோடு கதைக்கக் கொமியூனிகேஷன் கடைக்குப் போவதென்றால் அப்பாவோடுதான். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் அண்ணா கடலைப் பார்த்தது குளியலறை யன்னல் வழியாகத்தான்.

ஆனாலும் தினமும் காலையில் குளித்து, தலை இழுத்து, அயர்ன் பண்ணின சேட்டைப் போட்டுக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து உட்காருவார், எங்கோ புறப்பட்டவர் மாதிரி. எங்கும் போகாத ஆளுக்கு எதற்கு அயர்ன் என்று அம்மா கேட்டதில்லை. தானே அயர்ன் பண்ணிக் கொடுத்தார்.

வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை பம்பலப்பிட்டியில் வாங்கின சீடி ஒன்றை விட்டுவிட்டுப் போனது. அதில்தான் அந்தக் கேம் இருந்தது. விடுமுறையில் காலை முழுக்க மெஷின் சும்மா கிடக்கும். அண்ணாவும் நானும் ஒன்றும் தெரியாமல்தான் தொடங்கினோம். ஒரே மெஷினில் இரண்டு பேர் விளையாடுவதென்றால், ஒருவர் முறையில் மற்றவர் திரையைப் பார்க்கக்கூடாது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அண்ணா யோசித்து யோசித்து நகர்த்துவார். சுவரில் தொங்கின நகைக்கடைக் கலண்டரில் இருந்த அவ்வளவு விரதமும் எனக்குப் பாடம். புதுக் கேமில் இணையத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நகரலாம், யாரும் யாருக்காகவும் நிற்கத் தேவையில்லை. அது வசதிதான். எனக்கு இப்போது அந்த அளவு நிற்கக் காலும் இல்லை.

கோட்டைகளில் ஒன்று பேய்க்கோட்டை. சண்டையில் செத்தவர்களை எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொள்ளும். முதல் நாள் அதை நான் அண்ணாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன்.

"செத்ததுகளை எழுப்பித் திரும்பவும் சண்டைக்கு விடுறதோ? எனக்கு வேண்டாம் பிள்ளை. அதுகள் படுக்கட்டும். நீயே வச்சுக்கொள்" என்றார்.

எனக்கென்ன, நான் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன். எலும்புக்கூடு சாப்பாடு கேட்குமா, லீவு கேட்குமா? அண்ணா எப்போதும் காட்டுக் கோட்டையைத்தான் எடுப்பார், பச்சைக் கொடி. வரைபடத்தில் நாம் போகாத இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். தொடக்கத்தில் அவர் அந்தக் கறுப்பைத் தொடவே மாட்டார். மதிலைக் கட்டுவார், கோபுரத்தைக் கட்டுவார், நாயகனை வாசலிலேயே நிறுத்தி வைப்பார்.

"இருட்டுக்குள்ள ஆரும் நிண்டால்?" என்பார்.

"போய்ப் பாத்தால்தானே அண்ணா தெரியும்?"

"போய்ப் பாத்த ஆக்களைக் கேள், சொல்லுவினம்."

நாள் போகப் போக அவரும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். ஒருநாள் என் எலும்புக்கூட்டுப் படை முழுவதையும் ஒரு பாலத்தடியில் மடக்கிப் பிடித்தார். நான் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து வாசலில் நின்று பார்த்தார். அண்ணா சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் அந்தத் தகப்பன் வந்தார். வகுப்பில் சேர்ந்திருந்த ஒரு பிள்ளையின் அப்பா, கழுத்துப்பட்டி கட்டினவர், ஏதோ கேட்க நேரத்தோடு வந்துவிட்டார். திரையில் எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்கின்றன, மேலே மொனிட்டரின் நெற்றியில் போன வருஷத்துக் குங்குமம். அவர் செருப்பைக் கழற்றாமலே நின்று, நாங்கள் பிள்ளையை அனுப்புவது டைப்பிங் படிக்கத்தான், பேய் பார்க்க இல்லை என்று மாமாவுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பின்னேரத் தேத்தண்ணியோடு பேச்சு வந்தது. இப்படியே விட்டால் பெடியனின் மூளை மங்கிவிடும் என்றார் மாமா. "பாரிசில போய் இறங்கி எலும்புக்கூட்டோடையே கதைக்கப்போறான்?" என்று கேட்டார்.

"அவன் வீட்டுக்குள்ள இருக்கிறான். சிரிக்கிறான். உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்றார் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, காலிக்குப் போகிற பெரிய வீதிப் பக்கம் ஒருவர் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறாராம், வெளிநாடு போக இருக்கிற எங்கள் பெடியன்கள் நிறையப் பேர் போகிறார்களாம் என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் போல அதே காலத்தில் வளர்ந்தவர்களாக இருந்தால் மட்டும்தான் நம்புவீர்கள். அண்ணா பாண் வாங்கக் கடைக்குப் போனால் ஆபத்து. சலூனுக்குப் போனால் ஆபத்து, தலைமயிர் வெட்டுகிறவரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கோயிலுக்குப் போவதையே அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் வகுப்புக்குப் போவது ஆபத்து என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்களின் கணக்கில் வகுப்புக்குப் போவது வெளியே போவதில் சேராது. கையில் ஒரு கொப்பி இருந்தால் தெருவே விலகி வழிவிடும் என்று நம்பினார்கள். அதோடு, பொலிஸ் பதிவுத்துண்டு தொலைந்துவிட்டால் என்ன செய்வதென்று அப்பா அதை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, அண்ணாவின் பொக்கற்றில் ஒரு போட்டோக்கொப்பியை வைத்துவிட்டார். எல்லாம் கவனத்தால் செய்ததுதான்.

மாமா எங்கள் கண் முன்னாலேயே கேமை அழித்தார். சீடியை அலுமாரியின் மேல் எறிந்தார். பாதியில் நின்றிருந்த எங்கள் ஆட்டமும் அதோடு போய்விட்டது.

உண்மையைச் சொல்லவேண்டும், அண்ணாவுக்கு வகுப்பு பிடித்திருந்தது. அயர்ன் பண்ணின சேட்டுக்கு ஒருவழியாகப் போக ஓர் இடம் கிடைத்தது. வந்து அம்மாவோடு பிரெஞ்சில் கறி கேட்பார். அம்மா, "என்ன இழவோ, உப்புக் காணுமோ போதாதோ எண்டு தமிழில சொல்லு" என்பார். அவரும் சிரிப்பார்.

ஒருநாள் மத்தியானம் அவருடைய சோற்றுக் கோப்பையை அம்மா மேசையில் வைத்து மூடியிருந்தார். அவரோடு படித்த பெடியன் ஒருவனின் தங்கை மூச்சிரைக்க ஓடிவந்து, வகுப்பு வாசலில் பொலிஸ் சுற்றிவளைத்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். எத்தனை பேர் என்று மாமா கேட்டார். கனபேர் என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

அப்பா கடையிலிருந்து வந்ததும், பின்பாதி வீட்டு அன்ரி அவரைத் தனியாக விடவில்லை. சிங்களப் பெண்கள் உடுத்துகிற நல்ல ஒசரிச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு பொலிசுக்குத் தானும் போனார். "நான் கதைக்கிறது. நீங்க சும்மா நில்லுங்கோ, மஹத்தயா" என்றாராம். போனார்கள், வந்தார்கள். போட்டோக்கொப்பி செல்லாது என்றார்கள். ஒரிஜினலைக் கொண்டு போனார்கள். பெரியவர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அன்ரி ஒவ்வொரு நாளும் அதே ஒசரியை உடுத்திக்கொண்டு போனார். அம்மா சோறு கட்டிக் கொடுத்தார். பார்சல் சில நாள் உள்ளே போனது, சில நாள் திரும்பி வந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மா மட்டும் மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

அந்த நாட்களில் ஒன்றில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், மாமா கதிரையில் ஏறி அலுமாரியின் மேலிருந்து சீடியை எடுத்தார். தூசியைச் சேட்டில் துடைத்தார். கேமைத் திரும்ப ஏற்றினார். என்னைக் கூப்பிட்டு, அண்ணா எந்த இடத்தில் விட்டவர் என்று கேட்டார். அந்த ஆட்டம் அழிந்துவிட்டது, திரும்ப வராது என்றேன்.

"அப்ப நாங்கள் முதலில இருந்து விளையாடி அந்த இடத்துக்குக் கொண்டுபோவம். அவன் வரேக்க விட்ட இடத்தில இருக்கவேணும்" என்றார்.

அப்படி முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் கம்பியூட்டர் படிப்பிக்கிற மனுஷன், அந்தக் கேமில் ஒரு கைக்குழந்தை. வழியில் கிடக்கிற பொற்குவியலையெல்லாம் பொறுக்கப் போய் ஓநாய்களிடம் மாட்டிக்கொள்வார். பலர் என்றால் எத்தனை பேர் என்று என்னைக் கேட்பார். தெரியாது மாமா என்பேன். "அப்ப என்னெண்டு போறது?" என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். அன்ரியும் அப்பாவும் திரும்பிவரும் கேற் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவார். பிறகு மெல்ல வந்து திரும்பவும் உட்காருவார். மாமாவுக்கும் கேம் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். அன்றைய மாமா இன்றைய என்னைவிட இளையவர் என்று இப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.

புதுக் கேமில் எதுவும் அழிவதில்லை. மெஷினை உடைத்துப் போட்டாலும் ஆட்டம் எங்கோ வானத்தில் பத்திரமாக இருக்குமாம். அது மாமாவுக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

ஆகவே மகளுக்குத் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். புதுசுதான் நல்லது. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையாகத்தான் சொன்னேன். படம், கணக்கு, நியாயம் எல்லாவற்றிலும் அது ஒரு படி மேல். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிற அண்ணாவிடமும் போனில் இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது மூட்டுவாதம், பேரப்பிள்ளையும் உண்டு. "எந்தக் கேம்?" என்று கேட்டார். நானும் பெரிதாக ஞாபகப்படுத்தவில்லை.

ஒரே ஒரு குறையை மட்டும் மகளிடம் சொன்னேன். என் ஆட்களை நகர்த்தாமல் முறையை முடிக்கப் போனால், இந்தப் புதுக் கேம் விடுவதில்லை. இன்னார் இன்னும் நகரவில்லை, நிச்சயமாகத்தானா என்று கேட்கிறது. ஒவ்வொரு நாயகனாகக் கூட்டிவந்து காட்டுகிறது. செற்றிங்ஸில் அதை நிற்பாட்டலாம் என்றாள் மகள். அது ஏன் எனக்கு அவ்வளவு எரிச்சல் என்று அவளுக்குப் புரியவில்லை.

பொலிசிலிருந்து அண்ணா வந்தது ஒரு காலை. அப்பாவும் அன்ரியும் இரண்டு பக்கமும் இருக்க, ஓட்டோவில் நடுவில் உட்கார்ந்து வந்தார். அந்தச் சேட் அயர்ன் பண்ணினதா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. அம்மா முதலில் குளிக்க வார்த்தார், பிறகு சோறு போட்டார். பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாரும் கேட்டார்கள். அடிச்சவங்களோ? என்ன கேட்டவங்கள்? எங்க படுக்க விட்டவங்கள்? ஏஜென்சிக்காரன்ர பேர் கேட்டவங்களோ? அண்ணா ஓம் என்றார், இல்லை என்றார், தலையை ஆட்டினார். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கூட்டத்திலிருந்து வந்தவரை நாங்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

மாமாதான் அவருடைய தோளைத் தொட்டு முன்னறைக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். உறையை எடுத்தார். திரையில் ஆட்டம் தயாராக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் மாமா அவருக்காக எடுத்து வைத்திருந்தது பேய்க்கோட்டை. நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணா என் பக்கம் திரும்பி வேண்டாம் என்று கண்ணால் காட்டினார்.

"ஆர் மாமா விளையாடினது?"

"நான்தான். உன்ர இடத்துக்குக் கொண்டுவந்து வச்சிருக்கிறன். கொஞ்சம் அங்கை இங்கை பிழையாத்தான் இருக்கும்."

"இல்லை, சரியாத்தான் இருக்கு" என்று அண்ணா உட்கார்ந்தார்.

ஒன்றையும் நகர்த்தவில்லை. முறையை முடிக்கிற மணல்கடிகாரப் படத்தை அமத்தினார். ஒரு நாள் போனது. திரும்பவும் அமத்தினார். இன்னொரு நாள். எதிரிகள் வந்து சுரங்கங்களைப் பிடித்தார்கள், பிடிக்கட்டும் என்று விட்டார். புது வாரம் பிறந்தது, புது மாதம் பிறந்தது, கோட்டைக்குள் எலும்புக்கூடுகள் எடுப்பாரில்லாமல் குவிந்தன. நாயகன் வாசலில் குதிரையோடு நின்றான். அண்ணா அமத்திக்கொண்டே இருந்தார். பழைய கேம் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒண்டையும் நகர்த்தேல்லையே, தம்பி?" என்றார்.

"நாள் போகட்டும், மாமா" என்றார் அண்ணா. "நாள் போனால் காணும்."

கேற்றடியில் வகுப்புப் பிள்ளைகள் வந்து சேரும் சத்தம் கேட்டது. செருப்புகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். மாமா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், கரண்ட் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார். திறந்திருந்த யன்னலால் உள்ளே மின்விசிறி சுழல்வது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. முன்னால் நின்ற பிள்ளை அதை அண்ணாந்து பார்த்தது, பிறகு மாமாவைப் பார்த்தது, பிறகு குனிந்து தன் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டது.